தண்டவாளத்திலிருந்து அளந்தது

ஜனவரி 9

தங்கைக்கு,

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை. அதற்கு நீதான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ரயில் பாதையை ஓடைக்கு அப்பால் நீட்டப்போகும் உங்கள் வரைபடத்தை வட்டார அலுவலகத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். நேற்றுப் போய்ப் பார்த்தேன். வந்தவர்கள் எல்லாரும் தங்கள் வீடு எங்கே என்று விரலால் தடவிக்கொண்டிருந்தார்கள். நான் பாலத்தைப் பார்த்தேன். பாலத்தின் அடிப்பாகத்துக்கும் வெள்ள மட்டத்துக்கும் நடுவில் மூன்றடி இடைவெளி என்று போட்டிருக்கிறது. அந்த வெள்ள மட்டம் தப்பு. பெருவெள்ளம் வந்த வருஷம் தண்ணீர் அதற்கு ஓரடிக்கு மேலே நின்றது. கேள்விப்பட்டு எழுதவில்லை. ஓடைக் கரையில், பழைய பாதைக்கு மேலே போகும் சாலைப் பாலத்துக்குப் பக்கத்தில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, தண்டவாளத்தின் மேல் நின்று அளந்தவன் நான்.

ஓடையில் தண்ணீர் மட்டும் வராது. மரம் வரும், கூரை வரும். அவை பாலத்தில் முட்டி நின்றால் தண்ணீர் பின்வாங்கிப் பள்ளத் தெருவுக்குள் போகும். அங்கே இருநூறு வீடு இருக்கிறது.

வரைபடத்தைக் காவல் காத்தவரிடம் சொன்னேன். "பெரியவரே, இதெல்லாம் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு" என்றார். "அன்னைக்குக் கம்ப்யூட்டர் எங்க நின்னுச்சு?" என்று கேட்டேன். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டார்.

பாலத்தை உயர்த்து.

அண்ணன்

ஜனவரி 22
கடித எண் 1

மதிப்பிற்குரிய நில உரிமையாளர் அவர்களுக்கு,

தங்கள் 9ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. பாதையை ஒட்டி நிலம் உள்ளவர்களுடன் இத்திட்டத்தின் மேலாளர் நேரிலோ தொலைபேசியிலோ பேசக்கூடாது, எழுத்து மூலம் மட்டுமே தொடர்புகொள்ள வேண்டும், ஒவ்வொரு கடிதத்தின் நகலும் கோப்பில் சேர வேண்டும் என்பது விசாரணைக் குழுவின் உத்தரவு. அந்த விசாரணை எதனால் வந்தது என்பது தங்களுக்குத் தெரியும்.

வெள்ள மட்டம் கணினி கண்டுபிடித்தது அல்ல. பெருவெள்ள ஆண்டின் பராமரிப்புப் பதிவேட்டில் "சாலைப் பாலம் அருகே நீர் மட்டம், தண்டவாளத் தலையிலிருந்து இரண்டடி கீழே" என்று எழுதியிருக்கிறது. வடிவமைப்பாளர்கள் அதே இடத்தில் தண்டவாளத் தலையின், அதாவது அதன் மேல்பரப்பின், உயரத்தை அளந்து, அதிலிருந்து இரண்டடி கழித்திருக்கிறார்கள். பக்கத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. அதில் உள்ள கையெழுத்து தங்களுடையது.

அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பது கோப்புக்குத் தேவையில்லாத கேள்வி. ஆகவே கேட்கவில்லை.

திட்ட மேலாளர்

ஜனவரி 27

திட்ட மேலாளருக்கு நில உரிமையாளர் எழுதுவது.

நகலைப் பார்த்தேன். என் எழுத்துதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் எழுத்து அப்படித்தான் இருக்கும். ரயில் பாதையில் ஜல்லி கொட்ட வந்தவன், மேலதிகாரி தூக்கிப் போட்ட கிழிந்த கையேட்டை வைத்து மட்டம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முப்பத்தொரு வருஷம் அந்தப் பதிவேட்டை எழுதினேன். அதில் ஒரு பொய் கிடையாது. பதிவேடு சரி. நான் சொல்வதும் சரி.

உன்னை நான் படிக்க வைத்தேன் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் கோப்பில் ஏறிவிடும்.

விசாரணையைப் பற்றிக் குத்திக் காட்டியிருக்கிறாய். மூன்று வருஷத்துக்கு முன் பொதுமக்கள் கருத்துக் கேட்கிறோம் என்று நாற்காலி போட்டது யார்? கேட்டீர்கள், சொன்னேன். "இந்தக் கோட்டப் போட்ட அம்மா என் கூடப் பொறந்தவ. அந்தக் கோடு என் அடுப்படி வழியாப் போகுது. அண்ணன் வீட்டையே இடிக்கிறவ உங்க வீட்ட விடுவாளா?" என்று எழுந்து நின்று கேட்டேன். சபை சிரித்தது. நீ மேடையில் தலையைக் குனிந்துகொண்டு காகிதத்தைப் புரட்டினாய். அதற்குப் பிறகு மண் சரியில்லை என்று நீங்களே கோட்டைப் பத்தடி தள்ளினீர்கள். அண்ணனுக்காகத் தள்ளினாள் என்று எவனோ மனு போட்டான். அதுவும் நான் போட்டதா?

நாலு மாசம் உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் வீட்டுக்கு வந்து நீ சண்டை போட்டிருக்கலாம். சண்டை போடக்கூட வரவில்லை.

இதைக் கோப்பில் சேர்ப்பவருக்கு: என் மனைவியின் வலது முழங்கால் சுமார். இடதும் அப்படியே. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 12
கடித எண் 2

அண்ணன் அவர்களுக்கு,

கோப்பில் அப்படி எழுதலாமா என்று கேட்டேன். உறவைக் குறிப்பிடுவது வெளிப்படைத்தன்மை, தாராளமாக எழுதலாம் என்றார்கள். விசாரணையால் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை இது.

பாலத்தை உயர்த்து என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டீர்கள். இந்த இரண்டு சொல்லுக்கு என்ன ஆகும் என்று சொல்கிறேன். எட்டு ஆண்டுகளாக ஓடைக்கு அப்பால் வரப்போகும் நான்கு நிலையங்களுக்கு அனுமதி வாங்கிக்கொண்டிருக்கிறேன். பதினோரு துறைகள். நீர்த்துறை, சாலைத்துறை கையெழுத்திட்ட பிறகுதான் பார்ப்பேன் என்றது. சாலைத்துறை, நீர்த்துறை முடிக்கட்டும் என்றது. இரண்டு அலுவலகமும் ஒரே கட்டிடத்தில், ஒரே மாடியில். நடுவில் ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்த நாட்களை எண்ணினால் ஒரு பருவம் தேறும். மரம் வெட்ட அனுமதி வாங்கினோம். பாலத்துக்கு அனுமதி வருவதற்குள் அது காலாவதியானது. மறுபடி எண்ணப் போனால் மரங்கள் பருத்துவிட்டன. பருத்த மரத்துக்கு வேறு படிவம்.

இந்த எட்டு ஆண்டில் எனக்கு நான்கு மேலதிகாரிகள் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஓடைக்கு அப்பால் குடியேறியவர்கள் இரண்டு பேருந்து மாறி, ஒன்றே முக்கால் மணி நேரம் பயணம் செய்து வேலைக்கு வருகிறார்கள். எப்போதம்மா ரயில் வரும் என்று கேட்பதையும் இப்போது நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கேட்டபோது இருந்ததைவிட இது கஷ்டமாக இருக்கிறது.

மார்ச் 28 அன்று பாதுகாப்பு ஆணையர் கடைசியாகப் பார்க்கிறார். அவர் ஒப்புக்கொண்டால் பணி தொடங்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் மாத முடிவில் திட்ட ஒப்புதலே காலாவதியாகிவிடும். மறுபடி ஓட எனக்குத் தெம்பு இல்லை, அண்ணா. இன்னும் இரண்டு ஆண்டில் எனக்கும் ஓய்வு.

பதிவேடும் சரி, நீங்களும் சரி என்றால் நான் எதை வைத்துப் பேசுவது? இரண்டும் சரியாக இருக்க முடியாது. நினைவை ஆணையர் முன் வைக்க முடியாது. கண்ணால் பார்க்கக்கூடிய சான்று இருந்தால் மார்ச் 10க்குள் அனுப்புங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஆட்சேபணை தள்ளப்பட்டது என்று நானே கையெழுத்திட வேண்டும்.

தங்கை

பிப்ரவரி 18

தங்கைக்கு,

தண்டவாளம் பராமரித்த பழைய கேங்கில் என்னோடு இருந்தவர்களில் உயிரோடு இருப்பது இரண்டு பேர். ஒருவருக்கு என்னையே தெரியவில்லை. இன்னொருவருக்கு வெள்ளம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் வேறு ஊர் வெள்ளம்.

தினமும் காலையில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். கண்ணை மூடினால் தண்ணீர் எங்கே நின்றது என்று தெரிகிறது. ஓடைக் கரைக் கல்வரிசையில் மேலிருந்து மூன்றாவது கல். அந்தக் கல்வரிசையைப் பெயர்த்துவிட்டுச் சிமென்ட் பூசிவிட்டார்கள். கண்ணைத் திறந்து தண்டவாளத்திலிருந்து இரண்டடி இறக்கிப் பார்த்தால், ஐந்தாவது கல் இருந்த இடத்துக்குப் போகிறது. என் கை எழுதியது என் கண்ணோடு சண்டை போடுகிறது.

உன் அண்ணி சொல்கிறாள்: "தங்கச்சிக்கு எழுதற இந்த எழுத்துல பாதி எனக்கு எழுதியிருந்தா, நான் இன்னும் ரெண்டு வருஷம் அம்மா வீட்டுலயே சந்தோஷமா இருந்திருப்பேன்."

தள்ளப்பட்டது என்று கையெழுத்துப் போட்டுக்கொள். நான் வாபஸ் வாங்க மாட்டேன்.

அண்ணன்

மார்ச் 1
கடித எண் 3

அண்ணன் அவர்களுக்கு,

இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் அம்மா, உங்கள் கடிதம் வந்ததா என்று என்னை முந்திக்கொண்டு கேட்கிறார். முழங்கால் பற்றியும் கேட்டார்.

பாலம் உயர்ந்தால் வேறு சிலவும் நடக்கும். அதை எழுதினால் உங்களைத் தடுப்பதற்காக எழுதினேன் என்று ஆகும். எழுதாவிட்டால் மறைத்தேன் என்று ஆகும். எந்தப் பக்கம் போனாலும் எனக்கு ஒரு விசாரணை இருக்கிறது. இப்போதைக்கு எழுதவில்லை.

தங்கை

மார்ச் 6

தங்கைக்கு,

நேற்று சாலைப் பாலத்துக்கு அடியில் போனேன். வேலி தாண்டினேன் என்று வழக்குப் போடுவதென்றால் போடட்டும். அந்தத் தண்டவாளத்தை முப்பத்தொரு வருஷம் தேய்த்தவன் நான்.

அந்தக் காலத்தில் அந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு. தண்டவாளத்தின் மேல் நின்று, கையில் ஸ்பானரைப் பிடித்து உயர்த்தினால் சாலைப் பாலத்தின் அடியில் தட்டலாம். கேங்கில் எட்டியவன் நான் ஒருவன்தான். நேற்று அதே மாதிரி, அந்த ஸ்பானர் நீளமே உள்ள கைத்தடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில்கூடப் போகவில்லை. நடுவில் பெரிய இடைவெளி. வயதாகிவிட்டது, குறுகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனசு விட்டுப்போயிற்று. உன் அண்ணியிடம் சொன்னேன்.

"எவ்வளவு குறைஞ்சுது?" என்றாள்.

கையால் காட்டினேன்.

"வயசானா ஆள் கொஞ்சம் குறைவாங்க. ஒன்றரைச் சாணா குறைவாங்க? அப்படின்னா என் மூக்கு மட்டத்துக்கு வந்திருக்கணுமே நீங்க."

அப்போதுதான் உறைத்தது. நான் இறங்கவில்லை. தண்டவாளம் இறங்கியிருக்கிறது.

வெள்ளத்துக்கு ஐந்து வருஷம் கழித்து மின்சாரக் கம்பி போட்டார்கள். சாலைப் பாலத்துக்கு அடியில் கம்பி போக உயரம் போதவில்லை. பாலத்தைத் தூக்க முடியாது, பாதையை இறக்கு என்றார்கள். பதினொரு நாளில் ஜல்லியை வாரி, அடியில் மண்ணை வெட்டி, பாதையை இறக்கியது எங்கள் கேங். என் இந்தக் கை வெட்டியது. எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. மறக்கவில்லை. வெள்ளம் ஒரு பக்கம், கம்பி ஒரு பக்கம் என்று மனசில் தனித்தனியாக வைத்திருந்தேன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இன்று காலை கம்பித் தூரிகையோடு மறுபடி போனேன். தண்டவாளத் தலை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு அங்கே தூணில் வெள்ளைக் கோடு போடுவது வழக்கம். இப்போது தெரியும் கோடு, இறக்கிய பிறகு போட்டது. அதற்கு மேலே புகைக் கரியைச் சுரண்டினேன். ஒரு மணி நேரம். பழைய கோடு இருக்கிறது. இரண்டு கோட்டுக்கும் நடுவே பதினான்கு அங்குலம். உன் ஆட்களை அனுப்பிப் பார்க்கச் சொல்.

இனி எழுதப்போவது எழுதக் கஷ்டமானது. கேங்கில் எல்லாவற்றையும் தண்டவாளத்திலிருந்துதான் அளப்போம். கம்பம் எவ்வளவு தூரம், வாய்க்கால் எவ்வளவு ஆழம், எல்லாம் அதிலிருந்துதான். அது நகராது என்று ஒரு எண்ணம். அதைத் தினமும் நகர்த்துவதே எங்கள் வேலை. ஆனாலும் அப்படி ஒரு எண்ணம். பாதையை இறக்கிய அன்று பழைய பக்கத்தைப் புரட்டி, இந்த அளவு எல்லாம் பழைய மட்டத்திலிருந்து எடுத்தது என்று ஒரு வரி நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

பதிவேட்டில் பொய் இல்லை என்று சொன்னேன். இப்போதும் இல்லை. ஒரு வரி குறைகிறது.

அண்ணன்

மார்ச் 13
கடித எண் 4

அண்ணா,

நிலஅளவை ஆட்கள் மூன்று பேர் போனார்கள். நானும் போனேன், நீங்கள் வராத நேரமாகப் பார்த்து. கரியைச் சுரண்டிய இடம் தூணில் ஒரு ஜன்னல் மாதிரி இருக்கிறது. கருவி பதினான்கு அங்குலம் என்கிறது. ஓர் இழை கூடுதல் இல்லை, குறைவு இல்லை. மின்மயமாக்கிய ஆண்டின் கோப்பில் பாதையை இறக்கிய உத்தரவும் கிடைத்துவிட்டது. வடிவமைப்பாளர்கள் ஒரு நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எட்டு ஆண்டில் பதினோரு துறைகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கின்றன. நானும்.

பாலம் பதினான்கு அங்குலம் உயரும். இனி மறைக்க ஒன்றுமில்லை. பாலம் உயர்ந்தால் அதற்கு ஏறும் மண்கரையும் உயரும். கரை உயர்ந்தால் அடியில் அகலும், ஓரடிக்கு இரண்டடி வீதம். வடிகாலையும் சேர்த்தால் மூன்றடி. ஒரு பக்கம் ஓடை, நகர முடியாது. இன்னொரு பக்கம் உங்கள் எல்லைக் கல். கல்லுக்கும் உங்கள் அடுப்படிச் சுவருக்கும் நடுவே இருப்பது ஒரு முழம்.

தடுப்புச் சுவர் கட்டி அடுப்படியைக் காப்பாற்றலாம். அது புதிய வடிவமைப்பு. பதினோரு துறைக்கும் மறுபடி போக வேண்டும். மாத முடிவில் எல்லாம் காலாவதி. அந்த மூன்றடியை உரிமையாளர் தாமாக எழுதிக் கொடுத்தால் மட்டும் இது சிறு திருத்தம். ஆணையரே அன்றைக்கே ஒப்புக்கொள்ளலாம். பழைய மட்டத்தோடு பாலத்தைக் கட்டுவது என்ற வழியும் காகிதத்தில் இருக்கிறது. அதில் நான் கையெழுத்திட மாட்டேன்.

அன்று சபையில் நீங்கள் கேட்டதை மூன்று ஆண்டுகளாகக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் வீட்டை இடிப்பவள். இப்போது அதையே உங்களிடம் கையெழுத்தாகக் கேட்கிறேன். முடியாது என்று எழுதினால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

தங்கை

மார்ச் 16

தங்கைக்கு,

மூன்றடி என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? ஒன்றுக்கு இரண்டு சரிவு என்று ஜல்லி கொட்டியவனுக்கே பாடம் எடுக்கிறாய். வட்டார அலுவலகத்திலிருந்து திரும்பிய அன்றே அடுப்படிக்குப் பின்னால் போய்க் குச்சி வைத்து அளந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் முதல் கடிதம் எழுதினேன். ஜனவரி 9ஆம் தேதியே இந்த அடுப்படி போய்விட்டது என்று எனக்குத் தெரியும்.

அன்று சபையில் கத்தினேனே, அது வேறு. அன்றைக்கு உங்கள் கோடு போக வேறு இடம் இருந்தது. சோம்பலில் என் வீட்டு வழியாகப் போட்டிருந்தீர்கள். சோம்பலுக்கு ஓர் அங்குலம் தரமாட்டேன். இப்போது வேறு இடம் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? அன்று கேட்டதை நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சபையில் கேட்டிருக்க வேண்டாம். வீட்டில் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

நிலம் இருவர் பெயரில் இருப்பதால் உன் அண்ணியிடம் காகிதத்தை நீட்டினேன். படித்துப் பார்த்தாள். "இந்த அடுப்படியில புகை ஒரு நாளாவது வெளிய போயிருக்கா? நீங்களே பிளான் போட்டுக் கட்டுனது. எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். பிறகு ரொம்ப நேரம் உள்ளே அதன் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடிக்கப்போகிற சுவரை.

ஒப்புதல் கடிதம் இதோடு இருக்கிறது. அடுப்படியைக் கொடுப்பது எனக்கு எளிது. ஆனால் ஒரு நிபந்தனை. ஆணையர் முன் போகும் முன் அந்தப் பதிவேட்டை இங்கே அனுப்ப வேண்டும். குறைகிற வரியை உங்கள் அலுவலகத்தில் யாரும் எழுதக்கூடாது. நான் எழுதுவேன்.

அண்ணன்

மார்ச் 20
கடித எண் 5

அண்ணா,

பதிவேடு வெளியே போகக்கூடாத ஆவணம். உத்தரவு வாங்க இரண்டு நாள் ஆனது. கோப்பு பார்க்கும் அம்மாவே எடுத்துக்கொண்டு வருகிறார். அவர் முன்னால் எழுதிக் கொடுங்கள். அண்ணியைப் பார்க்கும் ஆசை அவருக்கு. எனக்குத்தான் அனுமதி இல்லை.

தங்கை

மார்ச் 22

பதிவேட்டில் எழுதியதன் நகல், கோப்புக்காக:

"மேற்கண்ட அளவு பழைய தண்டவாள மட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. பின்னர் மின்கம்பிக்காகப் பாதை பதினான்கு அங்குலம் இறக்கப்பட்டது. அப்போதே இதை நான் குறித்திருக்க வேண்டும். குறிக்கவில்லை. தவறு என்னுடையது."

வந்த அம்மா நல்ல மாதிரி. உன்னைப் பற்றி மூன்று விஷயம் சொன்னார். மதியம் சாப்பிடுவதில்லையாமே?

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

இந்தக் கடிதத்துக்கு எண் இல்லை. நகல் இல்லை.

28ஆம் தேதி ஆணையர் கையெழுத்திட்டார். பதிவேட்டை விரித்து உங்கள் பழைய வரியையும் புதிய வரியையும் மாறி மாறிப் படித்தார். "இவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பரவாயில்லை, அன்றைக்கு இருந்தாரே" என்றார். கூட்டம் நீர்த்துறை மாடியில்தான் நடந்தது; வெளியே வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது. பியூன் எழுப்பி, பூட்டப் போகிறோம் என்றார்.

உங்கள் நிலத்தின் கோப்பை நேற்று மூடினார்கள். நேரில் பேசக்கூடாது என்ற விதியும் அதோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வரலாமா? அண்ணி இனி எங்கே சமைக்கிறார்?

ஏப்ரல் 4

தங்கைக்கு,

வரலாமா என்று கேட்டு வருகிற வீடா இது? வா. அடுப்பை முன் அறைக்கு மாற்றிவிட்டோம். இங்கேயும் புகை வெளியே போகவில்லை. நான்தான் வைத்தேன்.

வரும்போது அளவுநாடா எடுத்துக்கொண்டு வா. உன் ஆட்கள் நேற்று வந்து புதிய எல்லைக் கல் நட்டிருக்கிறார்கள். பழைய கல்லிலிருந்து நான் அளந்து பார்த்தேன். மூன்றடி ஓர் அங்குலம் வருகிறது. மூன்றடிதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஓர் அங்குலத்துக்கு ஞாயிற்றுக்கிழமை நீ பதில் சொல்ல வேண்டும். சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் போதும்.

அண்ணன்